தோல் பயாப்சி ரிப்போர்ட்: அகாந்தோசிஸ், அகாந்தோலைசிஸ், ஸ்பாஞ்சியோசிஸ் என்றால் என்ன?

காரிமங்கலம்_லேப்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது தர்மபுரி பக்கத்தில் ஒரு சின்ன லேப். டாக்டர் எடுத்துக் கொடுக்கும் தோல் துண்டை வெளியூருக்கு அனுப்பி, ரிப்போர்ட் வந்ததும் நோயாளியிடம் கொடுப்போம். வாங்கின கையோடு அங்கேயே நின்று, "இதுல என்னங்க போட்டிருக்கு, புத்துநோயா?" என்று கேட்கிறார்கள். நோய் இன்னதென்று சொல்வது டாக்டரின் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். சொற்களுக்காவது பொருள் தெரிந்தால்தான் யாரை அவசரமாக டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று எனக்குப் புரியும்.

இந்த வாரம் வந்தவை மூன்று. முதல் ரிப்போர்ட்டில் "பாராகெராட்டோசிஸ், ஹைப்போகிரானுலோசிஸ், ரெகுலர் அகாந்தோசிஸ், மன்ரோ மைக்ரோஆப்சஸ், சொரியாசிஸுக்கு ஒத்துப்போகிறது, பி.ஏ.எஸ். ஸ்டெயின் பார்க்கவும்" என்று இருக்கிறது. இரண்டாவதில் "ஸ்பாஞ்சியோசிஸ், ஈசினோஃபில்கள், ஸ்பாஞ்சியோடிக் டெர்மடைட்டிஸ், நோயாளியை நேரில் பார்த்ததோடு ஒப்பிடவும்" என்கிறார்கள். நோயாளி ராயக்கோட்டைப் பக்கம் சாமந்தித் தோட்டத்தில் பூப்பறிப்பவர். மூன்றாவதில் "சுப்ராபேசல் பிளவு, அகாந்தோலைசிஸ், டி.ஐ.எஃப். செய்யவும்."

அகாந்தோசிஸும் அகாந்தோலைசிஸும் ஒன்றா? இன்னொரு கேள்வியும் உண்டு. அனுப்பியவற்றில் இரண்டு துண்டுகள் "ஆட்டோலைஸ்டு, பார்க்க இயலாது" என்று திரும்பி வந்துவிட்டன. எங்கே தப்பு நடந்திருக்கும்?

ஸ்லைடு_கிருஷ்ணகிரி:

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சொரியாசிஸ், டெர்மடைட்டிஸ் என்று முடிவில் வரும் சொற்களைத் தவிர, நீங்கள் எழுதியிருப்பதில் எதுவுமே நோயின் பெயர் இல்லை. எல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்களின் பெயர்கள். அகாந்தோசிஸ் சொரியாசிஸிலும் வரும், நாள்பட்ட சொறியிலும் வரும், மருவிலும் வரும். தனிச்சொல்லுக்குப் பொருள் தேடாமல், எந்தச் சொற்கள் சேர்ந்து வந்திருக்கின்றன என்று பாருங்கள்.

மேல்தோலில் அடியிலிருந்து மேலே நான்கு அடுக்கு: பேசல், ஸ்பைனஸ், கிரானுலர், கார்னியம். உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டும் இடையில் இன்னொரு மெல்லிய அடுக்கு உண்டு. அடியில் பிறக்கும் செல் ஏறக்குறைய 4 வாரத்தில் மேலே வந்து, உட்கரு இழந்து, தட்டையான செதிலாகி உதிரும்.

ஸ்பைனஸ் என்றால் முள். பக்கத்துப் பக்கத்துச் செல்களைப் பிணைத்திருக்கும் டெஸ்மோசோம்கள் ஸ்லைடில் முள் முள்ளாகத் தெரிவதால் அந்தப் பெயர். கிரேக்கத்தில் 'அகாந்தா' என்பதும் முள்தான். இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் குழப்பம் தீர்ந்துவிடும். அகாந்தோசிஸ் என்பது முள்ளடுக்கு பருத்திருப்பது. அகாந்தோலைசிஸ் என்பது முள் அறுந்துபோவது, அதாவது செல்லுக்கும் செல்லுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போய்த் தனித்தனியாக மிதப்பது. முன்னது மிகச் சாதாரணம். பின்னது ரிப்போர்ட்டில் வந்தால் அலட்சியம் கூடாது.

ஹைப்பர்கெராட்டோசிஸ் என்றால் மேலே உள்ள கார்னியம் தடித்திருக்கிறது. அதில் உட்கரு இல்லாமல் தடித்திருந்தால் ஆர்த்தோகெராட்டோசிஸ். உட்கரு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் பாராகெராட்டோசிஸ். செல்கள் முதிர நேரமில்லாமல் அவசரமாக மேலே வந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். சொரியாசிஸில் 4 வாரப் பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. கிரானுலர் அடுக்கு உருவாகவே அவகாசம் இல்லை, அதுதான் ஹைப்போகிரானுலோசிஸ். அந்தப் பாராகெராட்டோசிஸுக்குள் நியூட்ரோஃபில்கள் (ஒரு வகை ரத்த வெள்ளணுக்கள்) சிறு குவியலாகச் சேர்ந்திருப்பது மன்ரோ மைக்ரோஆப்சஸ். பெயரில் ஆப்சஸ் இருப்பதால் சீழ்க்கட்டி என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கண்ணுக்கே தெரியாத அளவு அது.

ரெகுலர் அகாந்தோசிஸ் என்றால் மேல்தோலின் கீழ்நோக்கிய விரல்கள் ஒரே நீளத்துக்குச் சீப்புப் பல் மாதிரி இறங்கியிருக்கின்றன. அந்த விரல்களுக்கு இடையே ரத்தக்குழாய்கள் மேல்வரை ஏறி வந்திருக்கும். அவற்றுக்கு மேலே மூடியிருக்கும் தோல் மிக மெல்லியது. சொரியாசிஸ் செதிலைச் சுரண்டினால் குண்டூசி முனையளவு ரத்தப்புள்ளிகள் வருவது இதனால்தான்.

பிறகு எதற்கு பி.ஏ.எஸ். என்ற சிறப்புச் சாயம் என்றால், படர்தாமரையிலும் கார்னியத்தில் நியூட்ரோஃபில்கள் வரும். எல்லாத் துண்டுக்கும் வழக்கமாகப் போடும் ஹெச் அண்ட் இ ஸ்டெயினில் பூஞ்சை கண்ணில் படாமலே போகலாம். பி.ஏ.எஸ்.ஸில் அதன் சுவர் மெஜந்தா நிறத்தில் எழுந்து நிற்கும். படர்தாமரைக்குச் சொரியாசிஸ் மருந்து போனால் உடம்பெல்லாம் பரவிவிடும். அந்த வரியைக் கட்டாயம் டாக்டர் கண்ணில் படும்படி காட்டுங்கள்.

ஸ்பாஞ்சியோசிஸ், பெயரிலேயே பஞ்சு. செல்களுக்கு இடையே நீர் கோத்து, செல்கள் விலகி, பஞ்சு போலத் தெரிவது. நீர் அதிகமானால் கொப்புளம். எக்ஸிமா வகை எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் இது. எதனால் வந்த எக்ஸிமா என்று ஸ்லைடால் சொல்ல முடியாது. ஈசினோஃபில் என்ற வெள்ளணுவும் சேர்ந்து இருந்தால் ஒவ்வாமை, மருந்து, பூச்சிக்கடி என்ற பக்கம் யோசிப்போம். அதற்கு மேல் நோயாளியை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது ரிப்போர்ட் அவசரம். பேசல் செல்கள் மட்டும் கீழே கல்வரிசை மாதிரி நின்றுகொண்டிருக்க, அதற்கு மேலே தோல் பிளந்திருக்கிறது என்று பொருள். பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்ற கொப்புள நோய் முதலில் நினைவுக்கு வரும். வாய்க்குள் புண் இருக்கிறதா என்று கேளுங்கள், பலருக்கு அங்கேதான் ஆரம்பிக்கும். "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பும் ரிப்போர்ட் இல்லை இது, அன்றைக்கே டாக்டருக்குப் போன் போக வேண்டும்.

புற்றுநோய்க் கேள்விக்கு: டிஸ்பிளேசியா, ஏடிபியா, இன் சிட்டு, கார்சினோமா, மெலனோமா, ஆழத்தில் ஊடுருவியிருக்கிறது என்ற சொற்கள் இருந்தால் உடனே அனுப்புங்கள். டிஸ்கெராட்டோசிஸ் வேறு, டிஸ்பிளேசியா (செல்கள் ஒழுங்கு கெட்டு வளர்வது) வேறு. முதலாவது, ஒரு செல் தன் இடத்தில் இருந்தபடியே முன்கூட்டிக் கெராட்டின் ஆகிவிடுவது. அது மட்டும் இருந்தால் புற்றுநோய் என்று ஆகாது.

தோல்_டாக்டர்_தர்மபுரி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. நேரில் பார்க்கும் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

பூப்பறிப்பவரின் ரிப்போர்ட்டில் ஸ்பாஞ்சியோசிஸ் வந்தது வியப்பில்லை. சாமந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம். இரண்டிலும் செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்ற பொருள்கள் உண்டு, ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தோட்டத்தில் சாமந்தி, வரப்பில் பார்த்தீனியம் என்றால் இரண்டு பக்கமும் அடி. காய்ந்த பார்த்தீனியத்தின் தூள் காற்றில் வந்து படிவதால் கையில் மட்டும் நிற்காது. மேல் இமை, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு எல்லாம் சொறிந்து தடிக்கும். வெயிலால் வந்த ஒவ்வாமையோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு: வெயில் என்றால் மேல் இமை, தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால் என்று நிழல் விழும் இடங்கள் தப்பிக்கும். காற்றில் வரும் தூள் என்றால் அந்த இடங்களும் தப்பாது. உறுதிசெய்ய முதுகில் பேட்ச் டெஸ்ட், அதாவது சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது. 48 மணி நேரம் ஒட்டியிருக்க வேண்டும், எடுத்ததும் ஒரு தடவையும் 72 அல்லது 96 மணியில் இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும். குளித்துவிட்டாலோ வேர்வையில் டேப் பிரிந்துவிட்டாலோ பயன் இல்லை.

மாங்காய் சீசனில் வரும் கேஸ்களுக்கும் இதே மாதிரி கவனம் வேண்டும். காம்பை ஒடிக்கும்போது பீய்ச்சும் பால் பட்ட இடம், கன்னத்திலோ முன்கையிலோ கோடு கோடாகக் கருத்து, சுட்ட புண் போல் இருக்கும். பால் வழிந்த தடம்தான் அந்தக் கோடு. பட்டவுடன் சோப்புப் போட்டுக் கழுவினால் பாதி தொல்லை குறையும். இதற்குப் பயாப்சி தேவையில்லை.

அடுத்து படர்தாமரை. கடையில் கேட்டு வாங்கும் மூன்று மருந்து கலந்த கிரீமில் குளோபெட்டாசால் போன்ற வலுவான ஸ்டீராய்டு இருந்தால் முதல் வாரம் அரிப்பு நின்றுவிடும். பூஞ்சை சாகாமல் உள்ளுக்குள் பரவும். வட்டத்தின் தெளிவான விளிம்பு மங்கிப் போகும், வட்டத்துக்குள் வட்டம் வரும், தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரி வரியாக வெடிக்கும். வரி விழுந்தது விழுந்ததுதான், திரும்பாது. மேலே பூசும் ஸ்டீராய்டுகளை 2018-இல் மத்திய அரசு ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. இப்போது பரவலாகக் காணப்படும் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை வகையில் டெர்பினாஃபைன் மருந்துக்கு மசியாதவை நிறைய. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை இவருக்கும் கேட்கும் என்று நம்ப முடியாது.

லேப் நண்பர் கே.ஓ.ஹெச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டுப் பூஞ்சை தேடும் சோதனை) செய்வதாக இருந்தால்: செதிலை வட்டத்தின் நடுவில் சுரண்டாதீர்கள். விளிம்பில், செதில் உயர்ந்திருக்கும் இடத்தில், மழுங்கிய பிளேடால் எடுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுச் சுரண்டினால் கிரீமின் பிசுக்கு போய்விடும். 10 முதல் 20 சதவீதக் கரைசல் ஒரு சொட்டு, கவர்ஸ்லிப், 10 முதல் 20 நிமிடம் காத்திருப்பு. பிறகு மைக்ரோஸ்கோப்பின் கண்டென்சரை இறக்கி வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். வெளிச்சம் அதிகமானால் ஹைஃபா, அதாவது பூஞ்சை இழை, மறைந்துவிடும். சீரான தடிமனில், இடையிடையே தடுப்புச் சுவரோடு, கிளைவிட்டு, செல்களின் எல்லையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதுதான் பூஞ்சை. செல்களின் ஓரத்தை ஒட்டியே வலை மாதிரி வளைந்து போனால் அது வெறும் தோற்றம், பூஞ்சை இல்லை. பஞ்சு நூலும் ஏமாற்றும். தேமலில் வேறு காட்சி: குட்டையான இழைகளும் உருண்டையான ஈஸ்ட் கொத்துகளும், பாயசத்தில் சேமியாவும் ஜவ்வரிசியும் கலந்து கிடப்பதுபோல.

தேமல் என்ற சொல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் நிறம் மங்கிய எதற்கும் தேமல் என்று பெயர். குழந்தையின் கன்னத்தில் வரும் பிட்டிரியாசிஸ் ஆல்பாவும் தேமல், மலசீசியா பூஞ்சையும் தேமல், தொழுநோயின் முதல் படையும் தேமல். நிறம் மங்கிய படையைப் பார்த்தால் உணர்ச்சி சோதித்தே ஆக வேண்டும். பஞ்சைத் திரியாகத் திரித்து, கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். தேய்க்கக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்டிப் பழக்கிவிட்டுப் பிறகு படையில் தொடுங்கள். உணர்ச்சி இல்லாத படை என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். தொழுநோய்ப் படை மங்கலாக இருக்கும், சுண்ணாம்பு மாதிரி முழு வெள்ளையாக ஆகாது. முழு வெள்ளை என்றால் பெரும்பாலும் வெண்புள்ளி. அங்கே நிறமி செல்களே இல்லை, உணர்ச்சி நன்றாக இருக்கும், யாருக்கும் தொற்றாது. வெண்குஷ்டம் என்ற சொல்லைத் தயவுசெய்து யாரும் பயன்படுத்த வேண்டாம். அந்த ஒரு சொல்லால் எத்தனையோ பெண்களின் கல்யாணம் நின்றுபோகிறது.

ஹிஸ்டோ_டெக்:

ஆட்டோலைஸ்டு ஆனதற்குக் காரணம் அநேகமாக பாட்டில். தோல் துண்டு சலைனில் (உப்புநீரில்) வந்திருக்கும், அல்லது துண்டைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நாள்பட்டதாக இருந்திருக்கும். சலைனில் போட்ட துண்டு இந்த ஊர் வெயிலில் பஸ் பார்சலில் ஒரு நாள் கிடந்தால் தன் என்சைமாலேயே அழுகிப்போகும்.

கடையில் வாங்கும் ஃபார்மலின் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு. அதில் 100 மில்லியும் டிஸ்டில்டு வாட்டர் 900 மில்லியும் சேர்ந்ததுதான் 10 சதவீத ஃபார்மலின். அந்த ஒரு லிட்டரில் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம் கரைத்தால் நியூட்ரல் பஃபர்டு, அதாவது அமிலமாகாமல் காக்கும் உப்புகள் சேர்ந்த ஃபார்மலின். போர் தண்ணீரில் கலக்காதீர்கள். பஃபர் போடாமல் வைத்தால் நாளாக நாளாக ஃபார்மிக் அமிலம் உண்டாகும். அமிலமான ஃபார்மலின் ரத்தத்தோடு சேர்ந்து பழுப்புக் கறுப்புத் துகளாகப் படியும். ஸ்லைடில் அதை மெலனின் (தோலின் நிறமி) என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. மச்சத்தைப் பயாப்சி எடுக்கும்போது இது எவ்வளவு பெரிய குழப்பம் என்று யோசியுங்கள்.

அளவு, துண்டைப் போல 10 முதல் 20 மடங்கு ஃபார்மலின். பஞ்ச் என்ற வட்டக் கத்தியால் எடுத்த 4 மில்லிமீட்டர் துண்டுக்கு 10 மில்லி இருந்தால் தாராளம். வாய் அகலமான பாட்டில் எடுங்கள். ஊசி மருந்துக் குப்பியில் போட்டால் துண்டு விறைத்த பிறகு வெளியே எடுக்கும்போது நசுங்கும். மூடியைச் சுற்றி டேப், பாட்டிலை ஜிப் கவரில், சீட்டைத் தனிக் கவரில். ஃபார்மலின் கசிந்து சீட்டிலுள்ள மை அழிந்தால் துண்டு யாருடையது என்றே தெரியாது.

துண்டு எடுக்கும்போதே நடக்கும் தப்பு ஒன்று உண்டு. பல்லுள்ள ஃபோர்செப்ஸால் கவ்வி இழுத்தால் செல்கள் நசுங்கி நீலக் கோடாகிவிடும். பஞ்ச் வெட்டியதும் ஊசி முனையால் ஓரத்தைத் தூக்கி, அடியில் கொழுப்போடு சேர்த்து வெட்ட வேண்டும். தொழுநோய் சந்தேகம் என்றால் அந்த ஆழம் இல்லாமல் நரம்பே கிடைக்காது. அதற்கான ஃபைட் ஃபராக்கோ ஸ்டெயினில் மெழுகு நீக்கும்போது சைலினோடு கடலை எண்ணெய் கலப்போம். தொழுநோய்க் கிருமியின் மெழுகு உறை மெல்லியது, எண்ணெய் அதைக் காப்பாற்றும். அமிலமும் காசநோய்க்குப் போடுவது மாதிரி 20 சதவீதம் இல்லை, 5 சதவீதம்தான். அதனால் "ஏ.எஃப்.பி. (அமிலத்திலும் சாயம் போகாத கிருமி) பார்க்கவும்" என்று மட்டும் எழுதாமல் எந்த நோய்க்கு என்றும் எழுதி அனுப்புங்கள்.

காரிமங்கலம்_லேப்:

மிகவும் நன்றி. மூன்றாவது நோயாளியின் டாக்டருக்கு நேற்றே போன் செய்துவிட்டேன், டி.ஐ.எஃப்.புக்கு இன்னொரு துண்டு எடுத்துத் தருகிறேன் என்றார். அதையும் இதே ஃபார்மலின் பாட்டிலில் அனுப்பலாமா? வேறொரு பழைய ரிப்போர்ட்டில் லைக்கன் பிளானஸ், "பிக்மென்ட் இன்கான்டினென்ஸ்" என்று பார்த்தேன், அது என்ன?

ஸ்லைடு_கிருஷ்ணகிரி:

ஃபார்மலின் கூடவே கூடாது. டி.ஐ.எஃப். என்பது தோலில் ஒட்டியிருக்கும் ஐஜிஜி போன்ற ஆன்டிபாடிகளை ஒளிரவைத்துப் பார்ப்பது. ஃபார்மலின் பட்டால் அவை மாறிப்போய் ஒன்றும் ஒளிராது. மிஷெல் மீடியம் என்று கேட்டு, அனுப்பப்போகும் லேபிடமிருந்தே பாட்டிலை முன்கூட்டி வாங்கி வையுங்கள். அது கிடைக்காவிட்டால் நார்மல் சலைன், ஆனால் 24 மணிக்குள் லேபில் சேர்ந்தாக வேண்டும். இங்கே மட்டும் சலைன் சரி, ஹெச் அண்ட் இ துண்டுக்குத் தப்பு. ஒரே நாளில் இரண்டு பாட்டிலும் வருவதால் மாறிப்போவது இங்கேதான் அதிகம். எடுக்கும் இடமும் வேறு. ஹெச் அண்ட் இ-க்குப் புதிய கொப்புளத்தின் ஓரம், டி.ஐ.எஃப்.புக்குக் கொப்புளத்தை ஒட்டியுள்ள நல்ல தோல். பெம்ஃபிகஸ் என்றால் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மீன்வலை விரித்த மாதிரி ஒளிரும். புல்லஸ் பெம்ஃபிகாய்டு என்ற இன்னொரு கொப்புள நோய் என்றால் மேல்தோலின் அடியில் ஒரே கோடு.

லைக்கன் பிளானஸ் என்ற அரிப்புத் தடிப்பு நோயில் பேசல் செல்கள் தாக்கப்பட்டு உடைகின்றன. அவற்றில் இருந்த மெலனின் கீழே உள்ள டெர்மிஸில் சிந்தி, அங்குள்ள மாக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களுக்குள் தங்கிவிடும். அந்தச் சிந்தலுக்குத்தான் இந்தப் பெயர். அரிப்பும் தடிப்பும் போன பிறகும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்பது இதனால்தான். "மருந்து கேக்கல" என்று நோயாளி வேறு கிரீமுக்கு மாறிவிடுவார், தேவையில்லை. அதே ரிப்போர்ட்டில் பாராகெராட்டோசிஸும் ஈசினோஃபிலும் சேர்ந்து வந்தால் மட்டும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சிலவும் இதே தோற்றத்தை உண்டாக்கும்.

ஊத்தங்கரை_நர்ஸ்:

அகாந்தோசிஸ் பற்றிப் பேசியதால் கேட்கிறேன். கழுத்தில் கருப்பாக, வெல்வெட் மாதிரி தடித்து வருகிறதே, அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ், அதிலும் முள்ளடுக்குதான் பருக்கிறதா? அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள்.

தோல்_டாக்டர்_தர்மபுரி:

இல்லை மேடம், அந்தப் பெயரே கொஞ்சம் தவறான பெயர். ஸ்லைடில் அகாந்தோசிஸ் மிகக் குறைவு. தோல் மேடு பள்ளமாக மடிந்து, மேலே கெராட்டின் தடித்திருப்பதுதான் அதிகம். கறுப்பும் பெரும்பாலும் அந்தத் தடிப்பால்தான். தேய்த்தால் போகாது, தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும். உடல் எடை, சர்க்கரை இரண்டையும் பாருங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் வெளி அடையாளம் இது. வயதானவருக்குத் திடீரென வந்து, உள்ளங்கையும் தடித்து, எடையும் குறைந்தால் வயிற்றுக்குள் புற்றுநோய் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஹிஸ்டோ_டெக்:

காரிமங்கலம் நண்பருக்கு இன்னும் ஒன்று. பெயர், வயது, துண்டு எடுத்த இடம், தேதி இவற்றைப் பாட்டில் உடம்பில் ஒட்டுங்கள், மூடியில் ஒட்டாதீர்கள். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் திறந்து வைத்தால் மூடி மாறிவிடும். சீட்டில் "தோல் பயாப்சி" என்று மட்டும் எழுதி அனுப்பினால் ஸ்லைடு பார்ப்பவர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும். எத்தனை நாளாக, உடம்பில் எங்கெங்கே, என்ன கிரீம் எத்தனை நாள் போட்டார், டாக்டரின் சந்தேகம் இரண்டு மூன்று, இவ்வளவும் இருக்கட்டும். ஸ்டீராய்டு கிரீம் போட்டிருந்தால் ஸ்லைடில் உள்ள அடையாளங்கள் மங்கும். அவசரம் இல்லாத கேஸ் என்றால் குறைந்தது 2 வாரம் நிறுத்திவிட்டு எடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். உங்களுடைய மூன்றாவது நோயாளிக்கு இது பொருந்தாது. அவருக்கு நாளைக்கே எடுத்து அனுப்புங்கள்.